லாட்டி டாட்: மூன்று விம்பிள்டன் பட்டத்துக்கு மூன்றே ஆட்டம். இவரை எப்படி எடை போடுவது?

கேள்வி | கோட்டுக்கு_வெளியே

லாட்டி டாட் பற்றித் தமிழில் ஒரு நீண்ட கட்டுரை தயாராகிக்கொண்டிருக்கிறது. 1887, 1888, 1891, 1892, 1893 என ஐந்து முறை விம்பிள்டன் பெண்கள் ஒற்றையர் சாம்பியன். முதல் பட்டம் 15 வயதில். அதுவரைக்கும் தகராறு இல்லை.

ஆட்ட விவரங்களைப் பார்க்கும்போதுதான் இடிக்கிறது. 1888, 1892, 1893 மூன்று ஆண்டிலும் அவர் பெயருக்கு எதிரே ஒரே ஒரு ஆட்டம்தான் இருக்கிறது. ஒரு மத்தியானம் வந்து ஆடிவிட்டுக் கோப்பையை வாங்கிப் போனதுபோலத் தெரிகிறது. இன்றைக்கு ஏழு சுற்று ஜெயித்தால்தான் பட்டம். அப்படியிருக்க "ஐந்து முறை சாம்பியன்" என்று எழுதினால் வாசகரை ஏமாற்றுவதாகாதா?

இன்னொன்று. 1889, 1890 இரண்டு ஆண்டும் ஆளைக் காணோம். காயமா? சில இணையப் பக்கங்களில் "ஆண்கள் சாம்பியன் ரென்ஷாவையே தோற்கடித்தவர்" என்று இருக்கிறது, சில பக்கங்களில் தோற்றார் என்று இருக்கிறது. எது சரி?

விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் பிரித்துச் சொல்லுங்கள்.


பதில் 1 | பழைய_ஸ்கோர்கார்டு

ஒரே ஆட்டம் என்பது பிழை இல்லை, அன்றைய விதி அப்படி. அதற்குப் பெயர் சேலஞ்ச் ரவுண்டு. விம்பிள்டனில் பெண்களுக்கு 1886-இல் வந்தது, 1922-இல் ஒழிந்தது. நடப்பு சாம்பியன் ஆரம்பச் சுற்றுகளில் ஆடவே மாட்டார். மற்ற எல்லாரும் ஆல் கம்மர்ஸ் என்ற பிரிவில் மோதுவார்கள். அதில் கடைசியாக நிற்பவர் நடப்பு சாம்பியனோடு ஒரே ஆட்டம் ஆடுவார். அதில் ஜெயித்தவருக்குப் பட்டம்.

டாட் விஷயத்தில் ஆண்டுவாரியாக வைத்துப் பாருங்கள்.

1887: சவால் விட்டவர் டாட். ஆல் கம்மர்ஸ் இறுதியில் எடித் கோலை 6–2, 6–3 என வென்று, பிறகு நடப்பு சாம்பியன் பிளான்ஷ் பிங்லியை 6–2, 6–0.
1888: டாட் நடப்பு சாம்பியன். அதே பிளான்ஷ், இப்போது திருமதி ஹில்யார்டு. 6–3, 6–3.
1891: ஹில்யார்டு. 6–2, 6–1.
1892: ஹில்யார்டு. 6–1, 6–1.
1893: ஹில்யார்டு. 6–8, 6–1, 6–4.

1891-இல்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள். அது சேலஞ்ச் ரவுண்டு இல்லை. 1890 சாம்பியன் அயர்லாந்தின் லீனா ரைஸ் பட்டத்தைக் காக்க வரவில்லை. சாம்பியன் வராவிட்டால் ஆல் கம்மர்ஸ் இறுதியே பட்ட ஆட்டம் ஆகிவிடும். அதனால் அந்த ஆண்டு டாட் ஆல் கம்மர்ஸ் சுற்றுகளில் ஆடித்தான் வந்தார். பழைய பட்டியலில் சேலஞ்ச் ரவுண்டு இடத்தில் 'வாக்ஓவர்' என்று இருந்தால் இதுதான் பொருள்.

1893 முதல் செட்டில் 6–8 என்பதைப் பார்த்து அச்சுப்பிழை என்று திருத்திவிடாதீர்கள். செட்டை நீளவிடாமல் முடிக்கும் டைபிரேக் முறை விம்பிள்டனுக்கு வந்ததே 1971-இல். அதற்கு முன் இரண்டு கேம் வித்தியாசம் வரும்வரை செட் நீளும். விம்பிள்டன் ஒற்றையரில் டாட் இழந்த ஒரே செட் அதுதான்.

இந்த ஐந்து இறுதிகளையும் கூட்டினால் செட் 10–1, கேம் 66–26. எதிரே இருந்தவர் தற்செயலாக ஒரு முறை இறுதிக்கு வந்தவர் இல்லை. ஹில்யார்டு ஆறு முறை சாம்பியன்: 1886, 1889, 1894, 1897, 1899, 1900. விம்பிள்டனில் 13 இறுதி ஆட்டங்களுக்கு வந்தவர். எத்தனை ஆட்டம் என்ற எண்ணிக்கையைவிட, யாரை என்ன ஸ்கோரில் என்பதுதான் இங்கே பேசும். அந்த ஆறு பட்டங்களின் ஆண்டுகளைப் பாருங்கள். ஒன்று டாட் வருவதற்கு முன், ஒன்று டாட் வராத ஆண்டு, மிச்சம் நான்கு டாட் விலகிய பிறகு.

1889-இல் காயமெல்லாம் இல்லை. ஸ்காட்லாந்துக் கடலோரம் பாய்க்கப்பலில் சுற்றப் போயிருந்தார், பட்டத்தைக் காக்க வரவில்லை. 1890-இலும் விம்பிள்டனில் ஆடவில்லை. குடும்பத்துக்கு லிவர்பூல் பருத்தி வியாபாரத்தில் நல்ல வருமானம், வீட்டிலேயே இரண்டு டென்னிஸ் கோர்ட். பரிசுக்காக ஆட வேண்டிய நிலை இல்லை. விக்டோரியா காலத்து ஆட்டக்காரர்கள் ஒரு ஆண்டு வராமல் போனால் உடனே காயம் என்று எழுதிவிடக் கூடாது.


பதில் 2 | நெட்டுக்குப்_பக்கம்

மேலே உள்ள கணக்கு சரி. ஆனால் அவர் ஏன் ஜெயித்தார் என்பது ஸ்கோரில் தெரியாது. கட்டுரையில் ஆட்டமுறைக்கு இரண்டு பத்தியாவது ஒதுக்குங்கள்.

சர்வ்: கீழ்க்கை. தோளுக்கு மேல் கையைத் தூக்கி அடிக்கிற சர்வ் ஆண்களிடம் ஏற்கெனவே இருந்தது. பெண்களில் பெரும்பாலோர் இடுப்புக்குக் கீழிருந்துதான் தட்டிவிட்டார்கள். மார்பையும் வயிற்றையும் சேர்த்து இறுக்கும் கார்செட் போட்டுக்கொண்டு கையைத் தலைக்குமேல் முழுதாக நீட்டிப் பாருங்கள், காரணம் புரிந்துவிடும். அதனால் அந்தக் கால பெண்கள் ஆட்டத்தில் சர்வ் பண்ணுகிறவருக்கு இன்றுள்ள அளவு சாதகம் கிடையாது. கேம் கணக்கைப் படிக்கும்போது "சர்வை முறியடித்தார்" என்று பெரிதாக எழுத வேண்டாம்.

தரை அடி: பந்து துள்ளி உச்சிக்குப் போவதற்குச் சற்று முன்னாலேயே அடிப்பது இவர் வழக்கம். கேட்க எளிது. அன்றைய புல்தரையில் துள்ளல் ஒரே மாதிரி இருக்காது, சீக்கிரம் அடித்தால் தவறான துள்ளலுக்கு மணிக்கட்டைச் சரிசெய்ய நேரம் இருக்காது, பந்து மரச்சட்டத்தில் பட்டுவிடும். அதனால்தான் மற்றவர்கள் பின்னே தள்ளி நின்று பந்து இறங்கும்வரை காத்திருந்தார்கள். இவர் காத்திருக்கவில்லை. எதிரே தரையைத் தொடும் பாவாடையும் உள்பாவாடைகளுமாகப் பக்கவாட்டில் ஓட வேண்டிய ஒருவருக்கு அரை நொடி குறைந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். சுழற்சி மிகக் குறைவு. தட்டையான, உறுதியான அடி.

வாலி (பந்து தரையில் படுவதற்கு முன்பே அடிப்பது), ஸ்மாஷ் (தலைக்குமேல் வரும் பந்தை ஓங்கி அடிப்பது): இதுதான் அன்று கண்ணை உறுத்தியது. பெண்கள் கோர்ட்டின் பின்கோடான பேஸ்லைனில் நின்று பந்தைத் திருப்பிக்கொண்டே இருப்பார்கள். டாட் நெட்டுக்கு வந்துவிடுவார். இதில் இன்னொரு நுணுக்கம், யாரும் எழுதுவதில்லை. 1877-இல் நெட்டின் உயரம் கம்பத்தருகே 5 அடி, அதாவது பக்கக் கோட்டை ஒட்டி அடித்து வாலி ஆட்டக்காரரைத் தாண்டுவது கஷ்டம். படிப்படியாகக் குறைத்து 1882-இல் கம்பத்தருகே 3 அடி 6 அங்குலம், நடுவில் 3 அடி என்று ஆக்கினார்கள். இன்றைக்கும் அதே அளவுதான். நெட் தாழ்ந்ததும் பக்கக் கோட்டுப் பாதை திறந்துவிட்டது, நெட்டுக்கு வருகிறவருக்கு ஆபத்து கூடிவிட்டது. டாட் வாலி ஆடியது இந்தத் தாழ்ந்த நெட்டில். அதனால் "அன்று வாலி சுலபம்" என்ற வாதம் இவருக்குப் பொருந்தாது.

உடை: 15 வயதுப் பள்ளிச் சிறுமி என்பதால் கெண்டைக்காலோடு நிற்கும் பாவாடை போட அவருக்கு அனுமதி இருந்தது. வளர்ந்த பெண்கள் கணுக்கால்வரை இழுத்துவிட வேண்டும். தலையில் தொப்பி, அகன்ற விளிம்புள்ள வைக்கோல் தொப்பி இல்லை, வெள்ளைக் கிரிக்கெட் தொப்பி. காற்றில் பறக்காது, ஸ்மாஷ் அடிக்க அண்ணாந்து பார்த்தால் மறைக்காது. ஹில்யார்டு கையுறை போட்டுக்கொண்டு ஆடியவர், ஒப்பிட்டு எழுதலாம். ஆனால் உடைதான் டாட்டை ஜெயிக்க வைத்தது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 1893-இல் அவருக்கு 21 வயது, சிறுமிச் சலுகையெல்லாம் போய்விட்டது. அப்போதும் ஜெயித்தார்.

பிறகு ஒரு மொழிபெயர்ப்புக் கண்ணி. பேட்மிண்டன் லைப்ரரி என்ற விளையாட்டு நூல்வரிசையில் 1890-இல் வந்த தொகுதியில் பெண்கள் டென்னிஸ் பற்றிய பகுதியை எழுதியவர் டாட். அதைப் பார்த்து "பேட்மிண்டன் விளையாட்டிலும் வல்லவர், நூல் எழுதினார்" என்று எழுதிவிட வாய்ப்பு உண்டு. அந்தப் பேட்மிண்டன், பியூஃபோர்ட் பிரபுவின் மாளிகைப் பெயர். பூப்பந்துக்கும் இதற்கும் இங்கே சம்பந்தமில்லை.


கோட்டுக்கு_வெளியே

நெட் உயரம் எனக்குப் புதுச் செய்தி, நன்றி. ரென்ஷா விஷயம் யாராவது? "30 புள்ளி சலுகையோடு ஆடினார்" என்று ஓரிடத்தில் பார்த்தேன். டென்னிஸில் 30 புள்ளி சலுகை என்றால் எப்படி?


பதில் 3 | பாயிண்டுக்குப்_பாயிண்ட்

1888, இங்கிலாந்தின் எக்ஸ்மத். டாட்டும் எர்னஸ்ட் ரென்ஷாவும். எர்னஸ்ட் அந்த ஆண்டின் விம்பிள்டன் ஆண்கள் சாம்பியன். முடிவு: ரென்ஷா வென்றார், அவர் பக்கத்திலிருந்து 2–6, 7–5, 7–5. தோற்கடித்தார் என்பது தவறு. முதல் செட்டை 6–2 என்று டாட் எடுத்தார் என்பது சரி. அதைத்தான் யாரோ ஊதிப் பெருக்கியிருக்கிறார்கள்.

சலுகை விஷயம். "30 புள்ளி" என்பதைக் கிரிக்கெட்டில் 30 ரன் முன்னிலை மாதிரி புரிந்துகொள்ளக் கூடாது. ஒவ்வொரு கேமும் டாட்டுக்கு 30–0 என்ற நிலையில், அதாவது இரண்டு பாயிண்ட் முன்னிலையில், தொடங்கும். அவ்வளவுதான். அவர் இன்னும் இரண்டு பாயிண்ட் எடுத்தால் கேம், ரென்ஷாவுக்கு நான்கு வேண்டும். டியூஸ் (40–40) வந்துவிட்டால் சலுகை தீர்ந்தது, பிறகு இருவரும் சமம். அந்தக் காலத்தில் இது விளையாட்டுக் கேலி இல்லை, ஹேண்டிகேப் போட்டிகள் எல்லா ஊரிலும் நடக்கும். "அரைப் பதினைந்து" என்றுகூட ஒரு சலுகை உண்டு. ஒரு கேம் விட்டு ஒரு கேமில் மட்டும் 15–0 என்று தொடங்குவது.

30–0 எவ்வளவு பெரிய சலுகை என்று காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம். ஒவ்வொரு பாயிண்டையும் எடுக்க டாட்டுக்கு உள்ள வாய்ப்பை 'வ' என்று வையுங்கள். எல்லாப் பாயிண்டுக்கும் அதே வாய்ப்பு என்று எடுத்துக்கொள்கிறோம். முதலில் டியூஸிலிருந்து ஜெயிக்கும் வாய்ப்பு: வ-வின் வர்க்கத்தை, வ-வின் வர்க்கமும் மிச்சத்தின் வர்க்கமும் சேர்ந்த கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். வ 0.40 என்றால் 0.16-ஐ 0.52-ஆல் வகுத்து 0.31. அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். 30–30 டியூஸுக்குச் சமம். 40–30 என்பது 0.40 கூட்டல் 0.60 பெருக்கல் 0.31, அதாவது 0.58. இதேபோல் 40–15 0.75, 30–15 0.48, 40–0 0.85. கடைசியில் 30–0 வரும்போது 0.63.

அதாவது நூற்றுக்கு 40 பாயிண்ட் மட்டும் எடுக்கிற ஒருவர், 30–0 சலுகை இருந்தால் நூற்றுக்கு 63 கேம் எடுத்துவிடுவார். சலுகை இல்லாவிட்டால் அதே ஆளுக்கு 26 கேம்தான். பூதாகரமான சலுகை.

இப்போது எக்ஸ்மத் ஸ்கோரைக் கூட்டிப் பாருங்கள். ரென்ஷா 2, 7, 7 = 16 கேம். டாட் 6, 5, 5 = 16 கேம். சரிபாதி! 30–0 சலுகையோடு சரிபாதி கேம் எடுக்க வ எவ்வளவு இருக்க வேண்டும் என்று தேடினால் 0.34. மூன்று பாயிண்டில் ஒன்று. சலுகை இல்லாமல் இதே 0.34-க்கு நூற்றில் 15 கேம் கிடைக்கும், கிட்டத்தட்ட 6–1, 6–1.

கட்டுரைக்கு இது கசப்பாக இருக்கலாம், ஆனால் இதுதான் நேர்மையான படிப்பு: 16 வயதில் (அந்த செப்டம்பரில்தான் 17 ஆனது) உலகின் முன்னணி ஆண் ஆட்டக்காரரிடம் மூன்றில் ஒரு பாயிண்ட் எடுத்தார். கீழ்க்கை சர்வோடும் பாவாடையோடும் எடுத்த மூன்றில் ஒன்று சின்ன விஷயமில்லை. "ஆணைத் தோற்கடித்தார்" என்ற பொய்யைவிட எனக்கு இது பெரிதாகப் படுகிறது.

எச்சரிக்கை இரண்டு. 32 கேம் மிகச் சிறிய மாதிரி, நாலு பாயிண்ட் வேறு பக்கம் விழுந்தால் எண் மாறிவிடும். முதல் செட்டில் ரென்ஷா எவ்வளவு முனைந்து ஆடினார் என்பதும் ஸ்கோரில் தெரியாது.


பதில் 4 | பழைய_ஸ்கோர்கார்டு

இதே கணக்கை ஹில்யார்டுக்கும் போடலாமே. 92 கேமில் 26 என்றால் 28 சதவீதம்.


பதில் 5 | பாயிண்டுக்குப்_பாயிண்ட்

போட்டேன். சலுகை இல்லாமல் 28 சதவீதக் கேம் வர பாயிண்ட் வாய்ப்பு 0.41. ஆக, டாட்டிடம் ஹில்யார்டு நூற்றுக்கு 41 பாயிண்ட் எடுத்தார், ரென்ஷாவிடம் டாட் 34 எடுத்தார். டென்னிஸ் கணக்கின் விசித்திரமே இதுதான். 59–41 என்ற சாதாரண இடைவெளி ஸ்கோர் பலகையில் 6–2, 6–3 என்று அவமானமாகத் தெரியும். 1892-இல் 6–1, 6–1 என்று தோற்ற ஹில்யார்டை யாரும் மட்டம் தட்ட வேண்டாம்.


பதில் 6 | புல்_ஈரம்

நண்பர்கள் கொஞ்சம் வேகமாக டாட் பக்கம் சாய்கிறீர்கள். கேள்வி கேட்டவரின் சந்தேகத்தில் பாதி நியாயம் இருக்கிறது. களம் சிறியது. 1884-இல் விம்பிள்டன் முதல்முறை பெண்களுக்குக் கதவு திறந்தபோது 13 பேர் வந்தார்கள். 1890-இல் வந்தவர்கள் நாலே பேர், விம்பிள்டன் வரலாற்றிலேயே அதுதான் குறைந்தபட்சம். இத்தனை சிறிய களத்தில் ஐந்து பட்டம் என்பதை ஸ்டெஃபி கிராஃபின் ஏழு பட்டத்தோடு ஒரே தராசில் வைக்க முடியாது.

ஆனால் விம்பிள்டனை மட்டும் பார்ப்பதே தவறு. அன்று பெண்களுக்கு விம்பிள்டன்தான் உச்சம் என்றில்லை. டப்ளினில் நடந்த அயர்லாந்து சாம்பியன்ஷிப் பெண்களுக்கு 1879-லேயே தொடங்கிவிட்டது, முதல் சாம்பியன் மே லாங்ரிஷ். விம்பிள்டனுக்கு ஐந்து வருடம் முன்னால். மான்செஸ்டரில் நார்தர்ன் சாம்பியன்ஷிப், பாத் ஊரில் மேற்கு இங்கிலாந்துப் போட்டி, இவையெல்லாம் நல்ல ஆட்டக்காரர்கள் கூடிய இடங்கள். டாட்டின் உண்மையான சோதனை அங்கேதான்.

1883, மான்செஸ்டர். வயது 11. அக்கா ஆனியோடு இரட்டையரில் இறங்கி முதல் சுற்றில் தோல்வி, ஆனால் தோற்றவர்களுக்கான ஆறுதல் போட்டியில் வெற்றி.
1885, மீண்டும் மான்செஸ்டர். ஒற்றையர் இறுதியில் விம்பிள்டன் சாம்பியன் மாட் வாட்சனிடம் 6–8, 5–7. வயது 13. 'லிட்டில் ஒண்டர்' என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது இந்தச் சமயத்தில்.
1886, பாத். அதே வாட்சனைத் தோற்கடித்தார். வாட்சன் 1881 முதல் 50-க்கும் மேற்பட்ட ஒற்றையர் ஆட்டங்களில் தோல்வியே காணாதவர். டாட்டுக்கு 15 முடியவில்லை.
1887, டப்ளின், மான்செஸ்டர், விம்பிள்டன் மூன்றும்.

கட்டுரையின் திருப்புமுனை 1886 பாத் ஆட்டமாக இருக்கட்டும். 1887 விம்பிள்டன் அதன் விளைவுதான்.

"ஒருபோதும் தோற்காதவர்" என்பதும் வேண்டாம். விம்பிள்டனில் தோற்காதவர் என்பது சரி. 1892-இல் அயர்லாந்து சாம்பியன்ஷிப்பில் லூயிசா மார்ட்டினிடம் தோற்றார். ரென்ஷாவோடு ஆடிய சலுகை ஆட்டத்தை விட்டுவிட்டால், 15 வயது முடிந்த பிறகு ஒற்றையரில் அவர் கண்ட ஒரே தோல்வி அது. மார்ட்டின் விம்பிள்டன் பட்டம் வாங்கியதில்லை என்பதால் இந்தப் பெயர் தமிழில் எங்கும் வருவதில்லை. நீங்களாவது சேர்த்துவிடுங்கள்.


கோட்டுக்கு_வெளியே

சேர்த்துவிட்டேன். "மிக இளைய சாம்பியன்" என்பது இன்னும் நிற்கிறதா? ஹிங்கிஸ் உடைத்துவிட்டார் என்று ஒருவர் சொன்னார்.


பதில் 7 | பழைய_ஸ்கோர்கார்டு

பெண்கள் ஒற்றையரில் நிற்கிறது. டாட் 15 வருடம் 285 நாள். 1996-இல் மார்ட்டினா ஹிங்கிஸ் 15 வருடம் 282 நாளில், மூன்று நாள் இளையவராக, பட்டம் வாங்கினார், ஆனால் அது ஹெலனா சுகோவாவோடு இரட்டையரில். "ஒற்றையர்" என்ற சொல்லை விட்டுவிட்டால் வாக்கியம் பொய்யாகிவிடும்.


பதில் 8 | குறி_வட்டம்

டென்னிஸோடு நிறுத்திவிடப் போகிறீர்களா? 1893-இல் 21 வயதில் போட்டி டென்னிஸை விட்டார், 1960 வரை வாழ்ந்தார். மிச்சத்தைச் சுருக்கமாகத் தருகிறேன், வில்வித்தை மட்டும் கொஞ்சம் விரிவாக, ஏனென்றால் அதில்தான் அதிகம் தப்பு நடக்கிறது.

பனிச்சறுக்கு: சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸில் பெண்கள் ஸ்கேட்டிங் தேர்வு, பிறகு 1897-இல் ஆண்களுக்கான தேர்வும். அதைத் தேறிய இரண்டாவது பெண். இது பந்தயம் இல்லை, வகுத்த உருவங்களைப் பனியில் வரைந்து காட்டும் தரத் தேர்வு. "ஸ்கேட்டிங் சாம்பியன்" என்று எழுதக் கூடாது.

ஹாக்கி: இங்கிலாந்து அணிக்கு 1899-இலும் 1900-இலும் அயர்லாந்துக்கு எதிராக. 1900 ஆட்டம் 2–1, இரண்டு கோலும் டாட்.

கோல்ஃப்: 1904, ஸ்காட்லாந்தின் ட்ரூன், பிரிட்டிஷ் பெண்கள் அமெச்சூர் பட்டம். இறுதியில் மே ஹெஸ்லெட்டை ஒரு ஹோல் வித்தியாசத்தில். ஹெஸ்லெட் அதற்கு முன்பே இரண்டு முறை சாம்பியன். அதே ஆண்டு அமெரிக்காவின் மெரியனுக்குப் போய் முதல் சுற்றிலேயே வெளியேறினார்.

வில்வித்தை: 1908 லண்டன் ஒலிம்பிக், வெள்ளி. முறையின் பெயர் டபுள் நேஷனல் ரவுண்டு. 60 கஜத்தில் 96 அம்பு, 50 கஜத்தில் 48 அம்பு, மொத்தம் 144, இரண்டு நாளில். அன்று 10 புள்ளி வட்டம் கிடையாது: தங்கம் 9, சிவப்பு 7, நீலம் 5, கறுப்பு 3, வெள்ளை 1. ஆக அதிகபட்சம் 1296. குயீனி நியூவால் 688, டாட் 642, பியாட்ரிஸ் ஹில்-லோ 618. இதை இன்றைய ஒலிம்பிக் புள்ளிகளோடு ஒப்பிட்டு "பாதிதான் எடுத்தார்" என்று கேலி செய்யும் பதிவு ஒன்று சுற்றுகிறது. புள்ளி முறை வேறு, தூரம் வேறு, வில்லில் குறிபார்க்கும் கருவியோ நிலைப்படுத்தும் தண்டோ இல்லாத காலம். அம்புக்குச் சராசரி 4.5 என்றால் ஏறக்குறைய நீல வட்டம். நியூவாலுக்கு 4.8. முதல் நாள் முன்னிலை டாட்டுடையது, இரண்டாம் நாள் கைநழுவியது. தங்கம் வாங்கிய நியூவாலுக்கு வயது 53.

அதே போட்டியில் ஆண்கள் பிரிவில் டாட்டின் அண்ணன் வில்லி 815 புள்ளியோடு தங்கம் வாங்கினார். அவருடையது டபுள் யார்க் ரவுண்டு, 288 அம்பு, 100 கஜத்திலிருந்து தொடக்கம். எனவே "அண்ணன் 815, தங்கை 642" என்று பக்கத்தில் பக்கத்தில் போட்டு ஒப்பிட முடியாது.

ஒரு நிதானமும் வேண்டும். பெண்கள் வில்வித்தையில் கலந்துகொண்ட 25 பேரும் பிரிட்டன்காரர்கள். ஒலிம்பிக் என்ற பெயரில் நடந்த உள்நாட்டுப் போட்டி என்றே சொல்லலாம். அதை மறைக்காமல் எழுதுங்கள்.


பதில் 9 | நெட்டுக்குப்_பக்கம்

ஒன்று விட்டுப்போனது, பெயர்கள். பழைய ஆவணங்களைத் தேடும்போது இதில்தான் சறுக்கும்.

விக்டோரியா காலத்து வழக்கப்படி, மணமாகாத மூத்த மகளுக்குக் குடும்பப் பெயர் மட்டும் போதும்: 'மிஸ் டாட்'. இளையவளுக்கு முதலெழுத்து சேர்ப்பார்கள்: 'மிஸ் எல். டாட்'. அதனால் முதலெழுத்து இல்லாத 'மிஸ் டாட்' பெரும்பாலும் அக்கா ஆனி, லாட்டி இல்லை. வாட்சன் சகோதரிகளுக்கும் இதே கதை. 1884 விம்பிள்டன் இறுதியில் அக்கா லிலியன் 'மிஸ் வாட்சன்', 6–8, 6–3, 6–3 என்று ஜெயித்த தங்கை மாட் 'மிஸ் எம். வாட்சன்'. இதைத் தெரியாமல் படித்தால் சாம்பியனே மாறிப்போவார்.

மணமானதும் கணவர் பெயர் முதலெழுத்தோடு வரும். 'மிஸஸ் ஜி. டபிள்யூ. ஹில்யார்டு' என்பதில் ஜி. டபிள்யூ. கணவர் ஜார்ஜின் முதலெழுத்து. 1887 இறுதியில் 'பிங்லி', 1888-இல் 'ஹில்யார்டு', இரண்டும் ஒரே ஆள். இன்னொரு விம்பிள்டன் சாம்பியனான சார்லட் கூப்பர் 1901 முதல் 'ஸ்டெர்ரி'. லாட்டி மணம் செய்துகொள்ளாததால் கடைசிவரை டாட்டாகவே இருந்தார், அதில் தொல்லை இல்லை. ஆனால் அவருடைய முழுப் பெயரும் சார்லட்தான். 'சார்லட்' என்று மட்டும் எழுதினால் கூப்பரா டாட்டா என்று குழப்பம் வரும்.


கோட்டுக்கு_வெளியே

இதைப் படித்துவிட்டு என் வரைவைத் திரும்பப் பார்த்தேன். இரண்டு இடத்தில் 'மிஸ் டாட்' என்று இருந்ததை லாட்டி என்று எடுத்திருக்கிறேன், இரண்டுமே ஆனிதான். திருத்தியாகிவிட்டது. பிங்லியையும் ஹில்யார்டையும் வேறு வேறு ஆளாக எண்ணி "இரண்டு எதிரிகளை" என்று எழுதியிருந்த பத்தியையும் முழுதாக எடுத்துவிட்டேன். ரென்ஷா பகுதியில் 16–16 கணக்கு அப்படியே போகிறது.